சிறுவாணியும் நம் வீட்டு ஆர்.ஓ.வும்

நம் குடியிருப்பில் ஆர்.ஓ. இல்லாத வீடு இன்று அபூர்வம். அதன் கழிவுக் குழாயில் என்ன போகிறது என்று யோசித்திருக்கிறீர்களா?

கோவைக்குச் சிறுவாணியைக் கொண்டுவரலாம் என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வலியுறுத்தியவர் பத்திரிகையாளர் சே.ப. நரசிம்மலு நாயுடு. நிறைவேற்றியதில் பெரும்பங்கு சி.எஸ். இரத்தினசபாபதி முதலியாருக்கு, ஆர்.எஸ்.புரம் என்பது அவர் பெயர்தான். 1930-ஐ ஒட்டித்தான் தண்ணீர் வந்தது. அதைக் குடித்துப் பார்க்க நாயுடு உயிரோடு இல்லை.

சிறுவாணி மலைக்கு அந்தப் பக்கம், இன்றைய கேரளத்தில் ஓடுகிற ஆறு. மலையைக் குடைந்து, சுரங்கம் வழியாக நம் பக்கம் திருப்பினார்கள். பம்பு வைத்து ஏற்ற வேண்டியதில்லை, சரிவிலேயே இறங்கி வருகிறது. இதைவிடச் சிக்கனமான திட்டத்தை இன்றைய பொறியாளர்கள் போடட்டும், பார்க்கலாம்!

அந்தத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. அதைத்தான் ஆர்.ஓ.வில் விட்டு, ஒரு லிட்டர் குடிக்க ஒரு லிட்டருக்கும் மேல் சாக்கடைக்கு அனுப்புகிறோம். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே உப்பிருந்தால் ஆர்.ஓ.வைத் தடை செய்யலாம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் சொன்னது.

போர் தண்ணீர் கலக்கும் மாதங்களில் கணக்கு வேறு. டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான்; பிளாக்குக்கு ஒன்று வாங்கி அளந்து பாருங்கள். எண் குறைவாக இருந்தால் காய்ச்சிக் குடித்தாலே போதும். அதிகமா? கழிவுக் குழாயின் கீழ் ஒரு வாளியை வையுங்கள், வீடு துடைக்க ஆகும்.