வாக்கெடுப்பு நடக்காமலே கிடைத்த தீர்ப்பு

என் தந்தையார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சம்பள நாளன்று மாலை ஆயுள் காப்புறுதி முகவர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் எங்கள் லயத்துக்கு வருவார். தேநீர் அருந்திவிட்டு, மாதத் தவணைப் பணத்தை வாங்கிக்கொண்டு, ரசீது எழுதிக் கொடுப்பார். அந்த ரசீதுகள் யாவும் தகரப் பெட்டியில் பிறப்புப் பத்திரங்களோடு பத்திரமாக இருக்கும். ஒரு நாள் நான் தந்தையாரிடம், “இந்தக் கம்பெனி யாருடையது அப்பா?” என்று கேட்டேன். “நம்மைப்போலப் பணம் கட்டுகிறவர்களுடையதுதான், வேறு யாருடையது?” என்றார் அவர்.

அவர் நினைத்தது அந்தக் கம்பெனியைப் பொறுத்தவரை சரியன்று. பத்திரம் எடுத்தவர்களே உரிமையாளராக இருக்கும் பரஸ்பரக் காப்புறுதிச் சங்கங்கள் உலகில் உண்டு. ஆனால் பங்கு மூலதனத்தைக் கொண்டு நடக்கும் கம்பெனியில் பத்திரக்காரர் வேறு, பங்குதாரர் வேறு. கம்பெனியை விற்பதா, இன்னொன்றை வாங்குவதா என்று கேட்டால், வாக்களிக்கும் உரிமை பங்குதாரருக்கே உண்டு. அந்த உரிமையின் வலிமை எத்தகையது என்பதை 2010-ஆம் ஆண்டில் இலண்டனில் நடந்த ஒரு விவகாரம் உலகுக்குக் காட்டியது. அதில் சம்பந்தப்பட்ட இரண்டு கம்பெனிகளும் நம் நாட்டு மக்களுக்கு நன்கு தெரிந்தவை. ஆதலின் அவ்வரலாற்றை ஈண்டு சற்று விரிவாகக் காண்போம்.

இரு கம்பெனிகளின் பூர்வீகம்

புருடென்ஷியல் கம்பெனி 1848-இல் இலண்டனில் தோன்றியது. 1854 முதல் அது தொழிலாளர் குடும்பங்களுக்கு வாரம் ஒரு பென்னி கட்டும் சிறு பத்திரங்களை விற்கலாயிற்று. முகவர்கள் வீடு வீடாகச் சென்று அந்தக் காசை வசூலித்தனர். எங்கள் லயத்துக்கு வந்த முகவரின் தொழில்முறைக்கு மூலம் இங்கிலாந்துத் தொழிற்சாலைத் தெருக்களில் இருந்தது எனலாம். மலாயாவுக்கு அக்கம்பெனி 1924-இலும், சிங்கப்பூருக்கு 1931-இலும் வந்தது.

ஏ.ஐ.ஏ.யின் வேர் ஆசியாவிலேயே ஊன்றியது. கொர்னீலியஸ் வாண்டர் ஸ்டார் என்னும் அமெரிக்கர் 1919-இல் ஷாங்காய் நகரில் தொடங்கிய காப்புறுதித் தொழிலிலிருந்து வளர்ந்தது அது. அதன் தாய்க் கம்பெனியாகிய ஏ.ஐ.ஜி. பின்னாளில் அமெரிக்காவின் மிகப் பெரிய காப்புறுதி நிறுவனங்களுள் ஒன்றாயிற்று.

2008 செப்டம்பரில் தாய்க் கம்பெனிக்குப் பேராபத்து வந்தது. பிறருடைய கடன் பத்திரங்களுக்கு அது அளித்திருந்த உத்தரவாதங்கள் அதன் கழுத்தை நெரித்தன. அமெரிக்க மத்திய வங்கி 8,500 கோடி டாலர் கடன் கொடுத்துக் காப்பாற்றியது. அதற்கு ஈடாக, ஏ.ஐ.ஜி.யின் 79.9 விழுக்காட்டு உரிமை அமெரிக்க அரசாங்கத்தின் வசம் செல்வதாயிற்று. அச்செய்தி வந்ததும் சிங்கப்பூரில் ஏ.ஐ.ஏ. அலுவலகத்தின் முன் நூற்றுக்கணக்கான பத்திரக்காரர்கள் வரிசையில் நின்றனர். அவசரப்பட்டுப் பத்திரங்களை முறிக்க வேண்டாம் என்று சிங்கப்பூர் நாணய ஆணையம் மக்களைக் கேட்டுக்கொண்டது. ஏ.ஐ.ஏ.யின் கணக்கு நல்ல நிலையில்தான் இருந்தது. எனினும், பட்ட கடனை அடைக்க ஏ.ஐ.ஜி. தன்னிடமிருந்த நல்ல சொத்தையே விலை கூற வேண்டியதாயிற்று.

ஒப்பந்தம் வந்தது, பங்கு விலை சரிந்தது

புருடென்ஷியலின் தலைமை நிர்வாகியாக 2009 அக்டோபரில் டிஜான் தியாம் பதவி ஏற்றார். ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் பிறந்த அவர், பிரிட்டனின் நூறு பெருங் கம்பெனிகளுள் ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பினத்தவர். பதவியேற்று ஐந்து மாதமே ஆகியிருந்த நிலையில், 2010 மார்ச் 1-ஆம் தேதி, ஏ.ஐ.ஏ.யை 3,550 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்குவதாகப் புருடென்ஷியல் அறிவித்தது. அதில் 2,500 கோடி ரொக்கம். மீதி பங்குகளும் பிற பத்திரங்களும்.

தியாம் கூறிய நியாயம் தெளிவானது. ஆசியாவில் நடுத்தர வகுப்பு பெருகுகிறது; காப்புறுதி எடுத்தோர் இன்னும் குறைவு; இத்தகைய கம்பெனி விலைக்கு வருவது ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் என்பது அவர் வாதம். வாதத்தில் பிழை சொல்வது எளிதன்று. ஆயினும் அன்று ஒரே நாளில் புருடென்ஷியலின் பங்கு விலை 12 விழுக்காடு வீழ்ந்தது. மறுநாளும் வீழ்ச்சி தொடர்ந்தது. பங்குதாரரின் முதல் பதில் அதுவே.

அவர்கள் அஞ்சியது ஏன்? பணம் அவர்களிடமிருந்தே வரவேண்டும் என்பதுதான் காரணம். உரிமைப் பங்கு வெளியீடு என்னும் முறையில் 1,450 கோடி பவுன் திரட்டத் திட்டமிடப்பட்டது. பழைய பங்கு இரண்டு வைத்திருப்பவர், பங்கு ஒன்று 104 பென்ஸ் விலையில் 11 புதிய பங்குகள் வாங்கலாம் என்பது நிபந்தனை. மாணவர்க்குச் சொல்வதுபோல் ஒரு கணக்காகப் பார்ப்போம். 200 பங்கு வைத்திருக்கும் ஓய்வூதியக்காரர் ஒருவர் 1,100 புதிய பங்குகளுக்கு 1,144 பவுன் கட்ட வேண்டும். கட்ட இயலாவிட்டால் அந்த உரிமையைப் பிறருக்கு விற்கலாம். ஆனால் கம்பெனியில் அவருக்கு முன்பு 13 பாகம் இருந்தது என்று வைத்துக்கொண்டால், இனி 2 பாகமே இருக்கும்.

எதிர்ப்பு வளர்ந்த விதம்

இந்த ஏற்பாடு நிறைவேற, அளிக்கப்படும் வாக்குகளில் 75 விழுக்காடு ஆதரவு தேவை. அதாவது, வாக்குகளில் கால் பங்குக்கு மேல் எதிராக விழுந்தாலே காரியம் கெடும். நெப்டியூன் என்னும் முதலீட்டு நிறுவனத்தின் தலைவர் ராபின் கெஃபன் எதிர்ப்பணி திரட்டினார். அந்நிறுவனத்தின் கையிலிருந்த பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஆயினும் அவர் எழுப்பிய கேள்விகள் பெரிய முதலீட்டாளர்களின் மனத்திலும் இருந்தவையே: விலை மிக அதிகமல்லவா? தன்னைவிடப் பெரிய சுமையை இக்கம்பெனி தாங்குமா? ஆசியாவில் முதலிட விரும்பினால் நாங்களே செய்துகொள்ள மாட்டோமா?

நம்பிக்கையைக் குறைத்த நிகழ்ச்சிகளும் அடுத்தடுத்து நேர்ந்தன. இத்துணைப் பெரிய வேலை தலைமேல் இருக்கையில், தியாம் ஒரு பிரெஞ்சு வங்கியின் இயக்குநர் சபையில் இடம்பெறச் சம்மதித்தார். கண்டனம் எழவே சில நாட்களில் பின்வாங்கினார். மே மாதம் 5-ஆம் தேதி தொடங்கவேண்டிய பங்கு வெளியீடு, கம்பெனியின் மூலதனம் போதுமா என்று பிரிட்டனின் நிதிச் சேவை ஆணையம் ஐயுற்றதால் தடைப்பட்டு, 17-ஆம் தேதிதான் வெளிவந்தது. கிரேக்க நாட்டின் கடன் நெருக்கடியால் சந்தைகள் சரியவே, மார்ச்சில் அதிகமாகத் தோன்றிய விலை மே மாதத்தில் இன்னும் அதிகமாகத் தோன்றியது. மே 25-ஆம் தேதி புருடென்ஷியல் பங்குகள் ஹாங்காங், சிங்கப்பூர்ச் சந்தைகளிலும் ஏறின. ஆனால் தீர்ப்புக் கூறவேண்டிய வாக்குகளில் பெரும்பாகம் இலண்டனில் இருந்தது.

வாக்கெடுப்புக்கு ஜூன் 7-ஆம் தேதி குறிக்கப்பட்டிருந்தது. 75 விழுக்காடு கிட்டாது என்று உணர்ந்த நிர்வாகம், மே மாத இறுதியில் ஏ.ஐ.ஜி.யிடம் சென்று 3,037 கோடியே 50 இலட்சம் டாலராக விலையைக் குறைக்கக் கேட்டது. ஏ.ஐ.ஜி.யின் தலைமை நிர்வாகி ராபர்ட் பென்மோஷே இணங்க விரும்பினார். சபைத் தலைவர் ஹார்வி கோலப் விரும்பவில்லை. சபை மறுத்துவிட்டது. ஜூன் 2-ஆம் தேதி புருடென்ஷியல் விலகிக்கொண்டது. ஒரு வாக்குச்சீட்டும் எண்ணப்படவில்லை. தீர்ப்பு மட்டும் கிடைத்துவிட்டது.

அதற்குச் செலவு இல்லாமற் போகவில்லை. ஒப்பந்தம் முறிந்ததற்காக ஏ.ஐ.ஜி.க்குக் கொடுத்த ஏறத்தாழ 15 கோடி பவுன் உட்பட, வங்கிகளுக்கும் வழக்கறிஞர்களுக்குமாக 37 கோடியே 70 இலட்சம் பவுன் கரைந்தது. அதுவும் பங்குதாரரின் பணமே. ஜூன் 7-ஆம் தேதி நடந்த ஆண்டுக் கூட்டத்தில் சபைத் தலைவர் ஹார்வி மெக்ராத் அவர்களிடம் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

யார் சொன்னது சரி?

ஏ.ஐ.ஜி. அதன்பின் ஏ.ஐ.ஏ.யைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுசென்றது. 2010 அக்டோபர் 29-ஆம் தேதி ஹாங்காங்கில் பங்கு ஒன்று 19.68 ஹாங்காங் டாலர் விலையில் வெளிவந்தது. அவ்வெளியீட்டில் 2,050 கோடி அமெரிக்க டாலர் கிடைத்தது. எஞ்சிய பங்குகளை 2012-இல் மூன்று தவணைகளில் முறையே ஏறத்தாழ 600 கோடி, 200 கோடி, 645 கோடிக்கு விற்றது. கூட்டிப் பார்த்தால் 3,500 கோடிக்குச் சற்றே குறைவு. புருடென்ஷியல் முதலில் ஒப்புக்கொண்ட தொகைக்கு அது மிக அருகில் நிற்பது கவனிக்கற்பாலது. 2021-இன் தொடக்கத்தில் ஏ.ஐ.ஏ. பங்கு 100 ஹாங்காங் டாலரையும் தாண்டியது.

இதைக் கண்டு, பங்குதாரர் கைக்கு வந்த செல்வத்தைத் தள்ளிவிட்டனர் என்று கூறுவோர் உண்டு. மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். பேரம் வெளிப்படுமுன் ஏறத்தாழ 6 பவுனாக இருந்த புருடென்ஷியல் பங்கு, ஏ.ஐ.ஏ. இல்லாமலே 2015-இல் 16 பவுனைத் தாண்டியது. இரண்டு கம்பெனிகளையும் ஒரே கையில் இணைத்திருந்தால் இரண்டும் இவ்விதமே வளர்ந்திருக்குமா? ஏ.ஐ.ஏ.யின் முகவர்கள் புதிய எசமானரிடம் தங்கியிருப்பார்களா? சரித்திரம் ஒரு பாதையில்தான் நடக்கிறது. நடக்காத பாதையின் லாப நட்டத்தை எந்தக் கணக்குப் புத்தகமும் காட்டாது.

ஆதலால், விலையைப் பற்றிய வழக்கு தீராத வழக்கு. ஆனால் முறையைப் பற்றிய வழக்கு தீர்ந்துவிட்டது. இப்பேரம் பற்றிய தகவல், பத்திரிகைகளில் கசிந்த பின்னரே, 2010 பிப்ரவரி 27-ஆம் தேதிதான், நிதிச் சேவை ஆணையத்துக்குத் தெரியவந்தது. அதற்காக 2013 மார்ச்சில் அவ்வாணையம் புருடென்ஷியலுக்கு 3 கோடி பவுன் அபராதம் விதித்து, தியாமையும் பகிரங்கமாகக் கண்டித்தது. கண்காணிக்கும் அதிகாரிக்கும் பிந்திச் சொன்னார்கள். பணம் போடவேண்டிய பங்குதாரர் பலருக்கும் பிந்திச் சொன்னார்கள். பெருங்கம்பெனி பேரங்களை இரகசியமாகப் பேச வேண்டியிருக்கிறது என்பது உண்மையே. செய்தி கசிந்தால் விலை ஏறும், சூதாடிகள் நுழைவர். ஆனால் இரகசியம் காக்க வேண்டிய நாட்களிலும், சம்மதம் இன்னும் கிடைக்கவில்லை என்பதை மறத்தலாகாது. கையொப்பம் முதலிலும் சம்மதம் பிறகும் என்று வைத்ததில்தான் 37 கோடி பவுன் போயிற்று.

இதை எழுதும்போது எனக்கு என் தவறு ஒன்று நினைவுக்கு வருகிறது. நான் தலைமையாசிரியப் பொறுப்பேற்ற புதிதில், பள்ளியின் சிற்றுண்டிச்சாலைக்குக் கூரை நீட்டும் வேலைக்குக் குத்தகைக்காரர் ஒருவரிடம் வாய்ச் சம்மதம் கொடுத்து, முன்பணமும் கட்டிவிட்டேன். பணமோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பணம். கூட்டத்தில் விவரத்தைச் சொன்னபோது, பின்வரிசையில் இருந்த தாய் ஒருவர் எழுந்து, “கூரை வேண்டியதுதான் ஐயா. ஆனால் எங்களைக் கேட்காமல் எப்படிக் கொடுத்தீர்கள்?” என்றார். வேலை நின்றது. முன்பணத்தை என் சம்பளத்திலிருந்து நான் ஈடு செய்தேன். இரண்டு ஆண்டு கழித்து அதே சங்கம் அதே கூரையை மகிழ்ச்சியோடு போட்டுக் கொடுத்தது.

அந்தத் தாய் கூரையை எதிர்க்கவில்லை. இலண்டன் பங்குதாரரில் பலரும் ஆசியாவை எதிர்த்தவரல்லர். தம் பணத்தைத் தம்மைக் கேளாது வாக்களித்தமையே இருவர் மனத்தையும் புண்படுத்திற்று. இனி, என் தந்தையாரைப் போன்ற பத்திரக்காரர் கதை வேறு. அவருக்கு அந்த வாக்கும் இல்லை. தகரப் பெட்டியிலுள்ள ரசீதுகளும் அரசாங்கத்தின் கண்காணிப்புமே அவருக்குத் துணை. வாக்குள்ளவர்கள் விழிப்போடிருந்து கேள்வி கேட்டால், வாக்கில்லாதவர்களுக்கும் அதனால் ஓரளவு பாதுகாப்பு உண்டு. 2010-இல் புருடென்ஷியல் பங்குதாரர் கேட்ட கேள்விகளை நாம் மறவாதிருப்பது அதற்காகவே.