கிரகரி வாவியும் கால் ஏக்கரும்

நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் பார்க்காமல் திரும்பாத கிரகரி வாவி, தலாகல ஓயாவை மறித்து 1873இல் உண்டாக்கப்பட்டது. 1872 முதல் 1877 வரை இலங்கையை ஆண்ட தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரியின் பெயர் அதற்கு. கொழும்பு நூதனசாலையை நிறுவியவர், வடமத்திய மாகாணத்தை உருவாக்கிக் குளங்களைப் புதுப்பித்தவர் என்றே அவர் பெரும்பாலும் நினைக்கப்படுகிறார். ஆனால் மலையகத்தில் அவர் ஆட்சி நடந்த விதம் விளங்க வேண்டுமானால், அதற்குக் கால் நூற்றாண்டு முந்திய அயர்லாந்துக்குப் போக வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1847இல் உருளைக்கிழங்குப் பஞ்சம் அயர்லாந்தை வாட்டிக்கொண்டிருந்தது. அப்போது டப்ளின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கிரகரி, வறியோர் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு அரசின் நிவாரணம் கிடையாது என்றது அது. கஞ்சி வேண்டுமானால் காணியைக் கைவிட வேண்டும்; கைவிட்டவன் வீட்டையும் இழந்தான். அவர் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்தார் என்று சொல்ல வேண்டியதில்லை. நிலத்தை விடுவோர் கடல்கடந்து குடியேற உதவும் பிரிவு ஒன்றையும் அவரே முன்வைத்தார். குடியானவர்களைப் பார்க்கப்போன அவருடைய தந்தை அதே ஆண்டு காய்ச்சலில் இறந்தார். இரக்கம் இருந்தது. அந்த இரக்கம் நிலவுடைமையின் கணக்கைக் குலைக்காத எல்லைக்குள் நின்றது.

இதே எல்லைதான் கோப்பித் தோட்டங்களிலும் தெரிகிறது. அவர் பதவியேற்ற 1872இலேயே, தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்துக்கென 14ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் காட்டுவழி நடந்து, வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பாதிப் பேரைப் பறிகொடுத்துவந்த குழுக்களும் உண்டு. அவர்களுக்கு இந்தச் சட்டம் சிறிய காரியமல்ல. ஆனால் அதை நடத்தும் பொறுப்பு தோட்டத் துரைமாரின் மாவட்டக் கமிட்டிகளிடமே விடப்பட்டது. நோயாளி யாருடைய பிரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) நிற்கிறானோ அவருடைய பணத்திலும் தயவிலும்தான் மருந்து. ஒப்பந்தம் மீறிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பிய 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் அவர் காலத்தில் அப்படியே இருந்தது. 1876இல் தொடங்கிய சென்னை மாகாணப் பஞ்சம் புதிதாகக் கூட்டத்தைக் கூட்டிவந்தபோது, கையில் காணியில்லாத அந்த மக்களுக்கு லயத்தையும் கங்காணியின் கடனையும் தவிர வேறு போக்கிடம் இருக்கவில்லை.

நிவாரணத்தை மறுத்த சட்டத்தையும் மருத்துவம் தர முயன்ற சட்டத்தையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நோக்கத்தில் அவை எதிரெதிர்தான். வந்த ஆண்டிலேயே பிறந்த சட்டத்தின் முழுப் பெருமையையோ பழியையோ ஒரு தேசாதிபதியின் தலையில் ஏற்றவும் முடியாது. என்றாலும், ஏழைக்கும் அரசுக்கும் நடுவே உடைமையாளரை நிறுத்தும் வழக்கம் இரண்டிலும் ஒன்றே. அக்காலத்து ஆட்சிக்கு வேறு வழி தெரியாது என்ற பதிலை அவருடைய குளத்திட்டமே மறுக்கிறது. வடமத்திய மாகாணத்தில் கிராமத்தார் அணைக்கு மண் போட, மதகை அரசு கொடுத்தது. அங்கே கிரகரியின் அரசு குடியானவனிடம் நேராகப் பேசியது. நடுவில் எந்தத் துரையும் இல்லை. கிராமத்தானைக் குடிமகனாகவும் தோட்டத்தானைத் துரையின் பொறுப்பாகவும் பார்த்த இந்தப் பிரிவினைதான், வாவியைவிடவும் நூதனசாலையைவிடவும் நெடுநாள் நிலைத்தது.

துரைமார் கமிட்டிகளால் அந்த மருத்துவ ஏற்பாடு சரிவர நடக்கவில்லை. எட்டே ஆண்டுகளில், 1880இல், புதிய சட்டம் கொண்டுவந்து அரசே அதை ஏற்க நேர்ந்தது. தோட்டத்து டிஸ்பென்சரிகள் எல்லாவற்றையும் நாட்டின் பொதுச் சுகாதார சேவையோடு இணைக்கும் வேலை இன்றும் முடிந்தபாடில்லை.