மாயாவியும் அம்ரு அய்யாரும்

கதை நடமாடும் இடமெல்லாம் கதைக்கான கட்சிகளும் நடமாடுகின்றன. எட்வர்டு லேன் என்னும் ஆங்கிலேயர் கெய்ரோவில் தங்கி, அம்மக்களின் வாழ்க்கை முறைகளை 1836-இல் நூலாக வெளியிட்டார். காப்பிக் கடைகளில் கதை சொல்லிப் பிழைத்தவர்களையும் அவர் கணக்கெடுத்திருக்கின்றார். அபூ ஸைது ஹிலாலியின் கதையைப் பாடியோர் ஏறத்தாழ 50 பேர். சுல்தான் பைபர்ஸின் கதையைச் சொன்னோர் 30 பேர். அன்தராவின் கதைக்கோ 6 பேர் மட்டுமே. மூன்று கூட்டத்தார்க்கும் தனித்தனிப் பெயர் இருந்தது. அபூ ஸைதின் ஆட்கள் நூலின்றி, நரம்பிசைக் கருவியுடன் பாடினர். அன்தராவின் ஆட்களோ நூலைப் பார்த்துப் படித்தனர். ஆள் குறைந்தது அதனாலோ என்னவோ! எந்தக் கதை மேல் என்னும் வழக்கு அந்தக் கடைகளில் எழாமல் இருந்திருக்க முடியாது.

இந்த வழக்கு அதற்கும் மிக மூத்தது. பக்தாதின் புத்தக வணிகர் இப்னு நதீம், 987-இல் இயற்றிய ‘ஃபிஹ்ரிஸ்த்’ நூற்பட்டியலில் கதை நூல்களுக்கெனத் தனிப் பகுதியே ஒதுக்கினார். ஆயிரத்தோர் இரவுகளுக்கு முன்னோடியான பாரசீகக் கதைத் தொகுதியைப் பார்த்துவிட்டு, சுவையற்ற நூல் என்று தள்ளியவர் அவர். ஜஹ்ஷியாரி என்பவர் ஆயிரம் கதைகளைத் திரட்டத் தொடங்கி, 480 இரவுகளோடு மௌத்தாகிவிட்ட செய்தியையும் அதே இடத்தில் குறிக்கின்றார்.

தமிழ்நாட்டில் இவ்வழக்கு படக்கதை வடிவில் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்தது 1972-இல். சிவகாசியிலிருந்து சௌந்திரபாண்டியன் அவர்கள் வெளியிட்ட முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. 1962-இல் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் பிறந்த கதை அது. வலக்கையை இழந்து இரும்புக்கை பூண்ட ஒருவன் மின்சாரம் பாய்ந்தால் உருவம் மறைந்துவிடுவான். கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். 1984-இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் தோன்றின. முன்னதன் ஆசிரியர் விஜயன், முத்து காமிக்ஸ் நிறுவனரின் மைந்தர். அப்போது பதினேழு வயது இளைஞர். லயனின் முதல் இதழில் மாடஸ்டி என்னும் வீரப்பெண்ணும், ராணியின் முதல் இதழில் ஜேம்ஸ்பாண்டும் வந்து சேர்ந்தனர்.

கேளம்பாக்கத்தின் உப்பளக் காற்றில் வளர்ந்த எங்கள் வயதினர் மக்தப் விட்டதும் வாதிட்டது இவர்களைப் பற்றித்தான். இரண்டு ஸ்பைடர் கொடுத்தால் ஒரு மாயாவி கிடைக்கும் என்பது அன்றைய பண்டமாற்று விகிதம். மாயாவி என்ற பெயரே ஒரு சிக்கல். முத்து காமிக்ஸில் வேதாளராக வந்த காட்டு வீரர், ராணி காமிக்ஸில் முகமூடி வீரர் மாயாவியாக வந்தார். ஆகவே ‘எந்த மாயாவி?’ என்று தெளிவு செய்துகொண்ட பிறகே வழக்கைத் தொடங்க இயலும். ஸ்பைடரோ குற்ற உலகின் அரசனாக முயன்று, பிறகு குற்றவாளிகளையே வேட்டையாடத் திரும்பியவன். தீயவனாக இருந்து திருந்தியவனை முதலிடத்தில் வைக்கலாமா? மாயாவியும் தொடக்கத்தில் அவ்வாறு தடம் புரண்டவன்தானே? சிறுவர்கள் இதைப் பேசியபோது, தவ்பாவுக்குப் பின் ஒருவனுடைய பழைய செயலை எடுத்துரைக்கலாமா என்ற மஸ்அலாவையே வேறு சொற்களில் பேசினார்கள் எனலாம்.

பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. அவர்கள் காட்டிய ஆதாரம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. மக்கத்து வணிகன் நள்ரு இப்னு ஹாரித், பாரசீக வீரர்களான ருஸ்தம், இஸ்ஃபந்தியார் ஆகியோரின் கதைகளைக் கொண்டுவந்து, அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அவையிலிருந்து மக்களைத் தன் பக்கம் இழுத்தான். சூரா லுக்மானின் 6-ஆம் வசனம் கண்டிக்கும் வீண் பேச்சுக்கு முஃபஸ்ஸிர்கள் கூறும் விளக்கங்களுள் இதுவும் ஒன்று. ஆயினும் அல்லாஹ்வின் பாதையிலிருந்து வழி கெடுப்பதற்காக என்னும் காரணத்தையும் அதே வசனம் கூறிவிடுகின்றது. நள்ரின் குற்றம் ருஸ்தமை நேசித்ததா, ருஸ்தமைக் கொண்டு வஹீயை மறைக்க முயன்றதா? பின்னதே என்பது என் துணிபு.

உருவப் படம் பற்றிய தடையும் உண்டு. அதனோடு அபூதாவூதில் பதிவான மற்றொரு நிகழ்ச்சியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளிடையே இரு சிறகுகள் உள்ள குதிரை ஒன்றைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் அதென்ன என்று வினவ, ஸுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததைக் கேட்டதில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்டார்கள். நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். ஃபுகஹாக்களில் பலர் சிறுவரின் விளையாட்டுப் பொருளுக்கு விலக்கு அளித்தது இத்தகைய அறிவிப்புகளைக் கொண்டே.

நம் தமிழ் முஸ்லிம்களிடம் வீரக்கதைக்குப் பஞ்சம் இருந்ததா என்றால், இல்லை. 1686-ஆம் ஆண்டினதான ‘சக்கூன் படைப்போர்’, அசன் அலிப் புலவரின் ‘ஐந்து படைப்போர்’, வாளேந்தும் நங்கையைக் காட்டும் ‘ஸைத்தூன் கிஸ்ஸா’ என்று பாட்டன்மார் இரவெல்லாம் படிக்கக் கேட்ட நூல்கள் பல. மாடஸ்டியைக் கண்டு வியந்த பேரனுக்கு, தன் பாட்டி ஸைத்தூனைக் கேட்டு வளர்ந்தவள் என்பது தெரியாது. ஆனால் இந்நூல்களில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அதைச் சொல்லாமல் விடுதல் முறையன்று. படைப்போர்களில் ஹஸ்ரத் அலி (ரலி) அவர்களின் பெயரால் நடக்கும் போர்களில் பெரும்பாலானவை வரலாற்றில் நடக்காதவை. மாயாவியை உண்மை மனிதன் என்று எந்தச் சிறுவனும் நம்பவில்லை. ஸஹாபியின் பெயரைத் தாங்கி வரும் கற்பனையோ வரலாறாகவே நெஞ்சில் பதிந்துவிடும். இவ்விரண்டில் எது பெரிய ஆபத்து என்று என்னைக் கேட்டால் இரண்டாவதையே சுட்டுவேன். வீட்டில் மாயாவியைக் கிழித்தெறிந்த கைகளே படைப்போரைப் பட்டுத்துணியில் சுற்றிப் பாதுகாத்தன!

வடக்கே நடந்ததும் இதுவே. அமீர் ஹம்ஸா (ரலி) அவர்களின் பெயரில் வளர்ந்த தாஸ்தானுக்கு அக்பர் பாதுஷா ஏறத்தாழ 1562 முதல் 15 ஆண்டுகள் ஓவியம் தீட்டச் செய்தார். மீர் ஸையித் அலி, அப்துஸ் ஸமது ஆகிய பாரசீக ஓவியர்களின் மேற்பார்வையில், துணியில் 1,400 பெரும் படங்கள். முன்புறம் படம், பின்புறம் எழுத்து. ஒருவர் ஏந்திக் காட்ட, மற்றவர் பின்னிருந்து படிப்பதற்கு ஏற்ற அமைப்பு. படக்கதைக்கு இதைவிடப் பெரிய முன்னோடியை நானறியேன். இன்று எஞ்சியிருப்பவை 200-க்கும் குறைவு. பின்னர் லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் அதே தாஸ்தானை உருது மொழியில் 46 பாகங்களாக விரித்தது. அதில் வரும் ஒற்றன் அம்ரு அய்யார், கம்பளம் ஒன்றைப் போர்த்தினால் மறைந்துவிடுவான். உலகையே அடக்கும் பை ஒன்றும் அவனிடம் உண்டு. நம் மாயாவிக்கு மின்சாரம், அவனுக்குக் கம்பளம். என் தீர்ப்பு அம்ருவின் பக்கம்: அவன் சிரிக்க வைக்கின்றான், மாயாவி ஒருபோதும் சிரிப்பதில்லை. ஆனால் அவன் தலைவனாக நிற்பது ஷஹீதுகளின் தலைவரான ஹம்ஸா (ரலி) அவர்களின் பெயர் அல்லவா? அங்கேதான் மனம் தயங்குகின்றது.

இக்காலத்திலும் பெயரே சிக்கலாயிற்று. குவைத்தின் நாயிஃப் அல்-முத்தவ்வா 2006-இல் தொடங்கிய ‘தொண்ணூற்றொன்பது’ என்னும் படக்கதைத் தொடரில் அல்லாஹ்வின் திருநாமங்களைச் சார்ந்த பண்புகள் வீரர்களுக்கு அளிக்கப்பட்டன. நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம். எனினும் 2014-இல் சவூதியின் தலைமை முஃப்தி அதற்கெதிராக ஃபத்வா அளித்தார். அதே ஆண்டில் அமெரிக்காவில் கமலா கான் என்ற பாகிஸ்தானிய வம்சாவளிச் சிறுமியின் தொடர் தொடங்கியது, எழுதியவர் ஜி. வில்லோ வில்சன் என்னும் முஸ்லிம் பெண்மணி. எந்தப் புனிதப் பெயரையும் சுமக்காத, பள்ளிக்குச் செல்லும் சாதாரணப் பெண் அவள்.

நம்மிடமும் அத்தகைய கதை உண்டு. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள், மார்க்க நூல்கள் பல இயற்றிய அதே எழுதுகோலால், அரபுத் தமிழில் ‘மதீனத்துந் நுஹாஸ்’ என்னும் உரைநடைக் கதையையும் தந்தார்கள். இதே பெயர் கொண்ட நகரத்தின் கதை ஆயிரத்தோர் இரவுகளிலும் இருக்கின்றது. தளபதி மூஸா இப்னு நுஸைரின் கூட்டம் பாலைவனத்தில் ஓசையற்ற நகரைக் காண்கின்றது. (மூஸா வரலாற்று மனிதரே, எனினும் ஸஹாபி அல்லர்.) மதிலில் ஏணி சாத்தி ஏறிய வீரர் ஒவ்வொருவரும் உள்ளே தோன்றிய மாயத் தோற்றத்தில் மயங்கிக் குதித்து மடிகின்றனர். கடைசியில் ஏறியவர் அப்துஸ் ஸமது என்னும் முதிய ஷைகு. அவர் திருவசனங்களை ஓதிக்கொண்டே ஏறினார், மாயை கலைந்தது, கதவு திறந்தது.

சென்ற ஆண்டு மாலை வகுப்பில் இக்கதையை நான் சொன்னபோது, ஒரு பையன் நோட்டின் பின்பக்கத்தில் மதிலையும் ஏணியையும் வரைந்துவிட்டான். முத்து காமிக்ஸின் மறுபதிப்பை வீட்டில் படித்திருந்த மற்றொருவன், இரும்புக்கை இருந்தால் ஏணியே தேவையில்லை என்றான். ஓதத் தெரியாதவன் மேலே போய் என்ன செய்வான் என்று கேட்டான் வரைந்தவன். மாயாவியின் உருவம் மறைந்துவிட்டால் மாயத் தோற்றம் யாரை மயக்கும் என்பது எதிர்க்கட்சியின் கேள்வி. பதில் வருமுன் மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள்.