வாக்குவம் கிளீனரும் ராக்கெட் எஞ்சினும்

1959-ல் வந்த 'அவர் மேன் இன் ஹவானா' உளவுத்துறையைக் கிண்டல் செய்யும் ஒரு கறுப்பு நகைச்சுவைப் படம். கிரஹாம் கிரீனின் நாவலை கரோல் ரீட் இயக்கினார். ஹவானாவில் வாக்குவம் கிளீனர் விற்கும் ஒரு அப்பாவியை பிரிட்டிஷ் உளவுத்துறை ஒற்றனாகச் சேர்க்கிறது. மகளின் செலவுக்குப் பணம் வேண்டுமே என்று அவரும் சம்மதிக்கிறார். உளவெல்லாம் தெரியாது. கிளீனரின் பாகங்களைப் பெரிதாக வரைந்து, மலையில் கட்டப்படும் ரகசிய ஆயுதம் என்று லண்டனுக்கு அனுப்புகிறார். அங்கே நம்பிவிடுகிறார்கள்! அதன்பின் நிஜமாகவே ஆட்கள் சாகிறார்கள்.

இந்தியாவில் 1994-ல் நடந்த இஸ்ரோ உளவு வழக்கு இதே கதையைத் தலைகீழாகப் போட்டது போல இருக்கும்.

ஓசூர் சிப்காட் பக்கம் வெளிநாட்டுக் கம்பெனியின் ஏஜென்டையும் லேபர் கான்ட்ராக்டரையும் யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள். தெருவுக்கு ஒருவர் இருப்பார். அங்கிருந்து 40 கி.மீ. தள்ளி, பெங்களூரிலும் அப்படி இருவர் இருந்தார்கள். கே. சந்திரசேகர், ரஷ்யாவின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்தின் இந்தியப் பிரதிநிதி. எஸ்.கே. சர்மா, லேபர் கான்ட்ராக்டர். ஃபௌசியா ஹசன் என்ற மாலத்தீவுப் பெண்ணின் மகளுக்கு பெங்களூர் பள்ளியில் இடம் வாங்க உதவினார்கள். அவ்வளவுதான்.

ஃபௌசியாவின் தோழி மரியம் ரஷீதா. சூரத் பிளேக் பீதியில் விமானங்கள் ரத்தாக, திருவனந்தபுரத்தில் மாட்டிக்கொண்டார். விசாவைத் தாண்டித் தங்கியதாக 1994 அக்டோபர் 20 அன்று கைதானார். தன்னிடம் தவறாக நடக்க முயன்ற போலீஸ் அதிகாரியை விரட்டியதுதான் காரணம் என்று அவர் பின்னர் குற்றம்சாட்டினார். ஓட்டலிலிருந்து சசிகுமாரன் என்ற இஸ்ரோ விஞ்ஞானிக்கு போன் செய்திருந்தார். போதாதா? விசா வழக்கு உளவு வழக்காகிவிட்டது. ஃபௌசியா, சந்திரசேகர், சர்மா, சசிகுமாரன் என்று வரிசையாகக் கைதானார்கள். நவம்பர் 30 அன்று நாகர்கோவில்காரரான நம்பி நாராயணனும் கைது. 50 நாள் சிறை. பத்திரிகைகள் தினம் ஒரு கதை எழுதின. இந்தக் கொந்தளிப்பில் 1995 மார்ச்சில் முதல்வர் கருணாகரனின் பதவியே போனது.

சரி, விற்றதாகச் சொன்ன ரகசியம் என்ன? முக்கியமாக கிரையோஜெனிக் எஞ்சின் தொழில்நுட்பம். மைனஸ் 253 டிகிரியில் திரவமாக இருக்கும் ஹைட்ரஜனை எரிக்கும் எஞ்சின். 1991-ல் கிளாவ்காஸ்மாஸோடு இஸ்ரோ ஒப்பந்தம் போட்டது. அமெரிக்கா தடை விதித்தது. 1993-ல் எஞ்சின் மட்டும் தருகிறோம், தொழில்நுட்பம் கிடையாது என்று ரஷ்யா பின்வாங்கியது. அதாவது இந்தியாவின் கையில் இல்லாத ஒன்றை இந்தியர்கள் விற்றுவிட்டார்களாம்! உள்நாட்டு கிரையோஜெனிக் எஞ்சினோடு ஜிஎஸ்எல்வி வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரியில்தான். ஹவானாக்காரராவது ஒரு கிளீனரைப் பார்த்து வரைந்தார். இங்கே அதுவும் இல்லை.

குற்றச்சாட்டுகள் பொய் என்று சிபிஐ சொன்னதை 1996-ல் நீதிமன்றம் ஏற்றது. கேரள அரசு மறுபடி விசாரிக்கக் கிளம்பியதை 1998-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 14 அன்று நம்பி நாராயணனுக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவானது. 2019-ல் பத்மபூஷண். 2022-ல் மாதவன் 'ராக்கெட்ரி' எடுத்தார், தேசிய விருதும் கிடைத்தது. அது கண்ணீர்ப் படம். இதைக் கறுப்பு நகைச்சுவையாக எடுக்க இன்னும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. எடுத்தால் நாயகன் விஞ்ஞானியாக இருக்க வேண்டிய அவசியமில்லை, அந்த பெங்களூர் ஏஜென்டே போதும்.

ஹவானா படத்தின் முடிவில், தங்கள் முட்டாள்தனம் வெளியே தெரியக்கூடாது என்று அந்த விற்பனையாளருக்கு அரசு பதக்கமும் வேலையும் கொடுத்து அனுப்பும். சந்திரசேகரோ, 2018 தீர்ப்பு வந்த சமயத்தில் பெங்களூர் மருத்துவமனையில் கோமாவில் கிடந்தார். இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 16 அன்று இறந்தார். தீர்ப்பு என்னவென்று அவருக்குத் தெரியாது. சர்மாவும் அதே வருட நவம்பரில் போய்ச் சேர்ந்தார்.