பரணில் கிடந்தது

மினசோட்டாவில் பழைய வீடொன்றை வாங்கியதும், பனி தொடங்குவதற்குள் பரணுக்கு இன்சுலேஷன் போட்டுவிடலாம் என்று ஏறினேன். கண்ணாடிப் பஞ்சா, பழைய செய்தித்தாள் துகளா என்பதுதான் என் கவலை. டார்ச் அடித்தால், மரச்சட்டங்களுக்கு நடுவே பழுப்பும் வெள்ளியுமாக ஏதோ மின்னியது. அள்ளிப் பார்க்கலாம்னு கை போச்சு, நல்லவேளை, அள்ளவில்லை.

அது வெர்மிகுலைட். சூடாக்கினால் சோளப்பொரி மாதிரி விரியும் கனிமம். உள்ளே அடைபடும் காற்று குளிரைத் தடுக்கும். மூட்டையைப் பிரித்துக் கொட்டினால் வேலை முடிந்தது. அமெரிக்காவில் விற்றதில் பெரும்பகுதி மொண்டானா மாநிலத்தின் லிபி என்ற சிற்றூரில் வெட்டியெடுத்தது. அந்தப் பாறையிலேயே ஆஸ்பெஸ்டாஸும் கலந்திருந்தது. சுரங்கத் தொழிலாளிகள் அந்தத் தூசியை உடுப்போடு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். சுரங்கத்தையே மிதிக்காத மனைவி, பிள்ளைகளுக்கும் நுரையீரல் கெட்டது. 1990இல் சுரங்கம் மூடப்பட்டது. அமெரிக்க அரசு அங்கே பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது 2009இல்தான்.

கொட்டியது கொட்டியபடி இருக்கட்டும், கலைக்காதீர்கள் என்பதே அரசின் அறிவுரை. எந்தப் பஞ்சு நல்லது என்று கேட்பதற்கு முன்னால், மேலே ஏற்கெனவே என்ன கிடக்குதுன்னு கேட்டிருக்கணும். பரண் வாசலை அடைத்துவிட்டேன். அந்த வருஷக் குளிருக்கு ஆளுக்கொரு கம்பளி கூடுதலாக வாங்கிக்கொண்டோம்.