பீளைக்கண் கவிஞரும் இமைச் சுரப்பிகளும்

கி.மு. 37இல் ரோமிலிருந்து புருந்திசியம் நோக்கிச் சென்ற தூதுக்குழுவில் கவிஞர் ஹொரேசும் இருந்தார். ஆன்க்ஸூர் என்னும் ஊரில் புரவலர் மேசினாசுக்குக் காத்திருக்கையில், நோயுற்ற தம் கண்களுக்குக் கரிய மருந்தைப் பூசிக்கொண்டதாக அங்கதப் பாடல்களின் முதல் நூலில் அவரே பதிவு செய்கிறார். பின்னர் காபுவாவில் மேசினாஸ் பந்தாடப் போகிறார். கண்நோயாளியான ஹொரேசும் வயிற்றுக்கோளாறுள்ள வெர்ஜிலும் உறங்கப் போகின்றனர். லத்தீனின் இரு பெருங்கவிகளை இக்கோலத்தில் காண நமக்குச் சற்று ஆறுதலாகவே இருக்கிறது.

தம்மைக் குறிக்க அவர் ஆளும் சொல் 'லிப்புஸ்'. பீளைக்கண்ணர் எனலாம். ஊர் முழுதும் அறிந்த வம்பைக் குறிக்க, பீளைக்கண்ணருக்கும் நாவிதருக்கும் தெரிந்த செய்தி என்று வேறொரு பாடலில் எள்ளலாகச் சொல்கிறார். கண்மருந்து விற்ற இடங்களில் அத்தனை கூட்டம் போலும். இமையழற்சி, விழிவெண்படல அழற்சி, டிரக்கோமா எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கின. ஆகவே ஹொரேசுக்கு இருந்தது இன்னதென்று அறுதியிட முடியாது. விடாமல் தொடர்ந்த தொல்லை என்பது மட்டும் தெரிகிறது.

அக்கால மருந்து 'கொல்லீரியம்'. நம் சித்த மருத்துவர்களின் கலிக்கத்தை ஒத்தது. குச்சிகளாக உலர்த்தி, வேண்டும்போது இழைத்துப் பூசினர். மருத்துவர் பெயர், மருந்தின் பெயர், தீர்க்கும் நோய் ஆகியவற்றை அக்குச்சிகளில் பதிக்கப் பயன்பட்ட கல் முத்திரைகள் கால், பிரிட்டன் பகுதிகளில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. இத்தாலியின் தஸ்கனிக் கரையருகே கி.மு. 2ஆம் நூற்றாண்டில் மூழ்கிய கப்பலொன்றின் தகரச் சிமிழிலிருந்த வில்லைகளில் துத்தநாகச் சேர்மங்களும் பிசினும் கொழுப்பும் இருந்ததை 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. அவையும் கண்மருந்தாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

1666இல் ஜெர்மனியின் ஹெல்ம்ஸ்டெட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹைன்ரிஷ் மைபோம், இமைக்குள் வரிசையாக அமைந்த சுரப்பிகளை ஒரு கடித நூலில் விரிவாக விவரித்தார். இன்றும் அவை அவர் பெயரால் மைபோமியன் சுரப்பிகள் எனப்படுகின்றன. அவற்றில் சுரக்கும் எண்ணெய் கண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவி, அது உலராமல் காக்கிறது. எண்ணெய் கெட்டிப்பட்டு வாய் அடைபட்டால் இமையோரம் சிவந்து வீங்கும், கண் உறுத்தும், காலையில் இமைமயிர்கள் ஒட்டிக்கொள்ளும். இமைமயிரடியில் பெருகும் பாக்டீரியாவும், டெமோடெக்ஸ் என்ற நுண்சிலந்தியும் அழற்சியைத் தூண்டுவதுண்டு.

பலர் இதை வெறும் 'கண்வலி' எனக் கருதி, மருந்துக்கடையில் கேட்ட சொட்டுமருந்தை மாதக்கணக்கில் விடுகின்றனர். ஸ்டீராய்டு கலந்ததாயின் சிவப்பு உடனே அடங்கும். ஆனால் கண்ணழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு நலியலாம், புரையும் வளரலாம். வலியின்றிப் பார்வை குறைவதால் பிந்தியே தெரியவருகிறது. இமையழற்சி பெரும்பாலும் அடியோடு ஒழிவதில்லை, அடக்கி வைக்கப்படுவது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைத் தாங்கும் சூட்டில் மூடிய இமைமேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து, மெல்ல நீவி, இமையோரத்தைத் துடைக்க வேண்டும். நாள்தோறும், நோய் தணிந்த பின்னும். தேவையானால் மருத்துவர் நுண்ணுயிர்க்கொல்லி தருவார். நுண்சிலந்தியால் வரும் வகைக்கென லோட்டிலனர் என்ற சொட்டுமருந்தை அமெரிக்கா 2023இல் ஏற்றது. நாளுக்கு இருமுறை, ஆறு வாரம் விடுவது.