இருளில் ஒளி எழுதும் கலையும் நயினாதீவுக் கல்வெட்டும்

ஒளியாற் பொருளைக் காண்பது உலகியற்கை. ஒளியையே எழுதுகோலாகக் கொள்வது மனிதன் பிற்காலத்திற் கற்ற வித்தை. 1839ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரில் டாகேர் என்பாரின் ஒளிப்பட முறை உலகறிய வெளியிடப்பட்டது. அக்கலைக்கு மேனாட்டார் இட்ட பெயரின் பொருளே 'ஒளியெழுத்து' என்பதாம். அதன் கிளைகளுள் ஒன்று இருளிற் செய்யப்படுவது. கமராவின் கண்ணை நெடுநேரந் திறந்துவைத்து, அதன் முன்னே ஒரு விளக்கை அசைப்பின், இருவகைப் பயன் விளையும். விளக்குச் சென்ற வழி ஒளிக்கோடாகப் பதிவது ஒன்று. விளக்கொளி தடவிய பொருள் துலங்கித் தோன்றுவது மற்றொன்று.

முன்னைய வகை அறிவியலின் பொருட்டே தோன்றிற்று. 1889இற் பிரெஞ்சு அறிஞர் மாரேயும் அவர்தம் துணைவர் டெமெனியும் ஒரு மனிதனின் உடன் மூட்டுக்களிற் சிறு விளக்குக்களைப் பொருத்தி, அவன் நடையை ஒளிக்கோடுகளாகப் பதிந்தனர். 1914 அளவில் அமெரிக்காவிற் கில்பிறெத் தம்பதியர் தொழிலாளரின் கையசைவுகளை அவ்வாறே பதிந்து, வீண் அசைவுகளைக் களைய முயன்றனர். அறிவியல் வகுத்த வழியிற் கலையும் புகுந்தது. 1949இல் ஜோன் மிலி என்பாரின் கமராவின் முன் ஓவியர் பிக்காசோ இருளில் விளக்கேந்தி வரைந்த உருவங்கள் உலகப் புகழ் பெற்றன.

பின்னைய வகையே தீவகத்தார்க்குப் பெரிதும் வேண்டப்படுவது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டு ஒன்று உளது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகளுக்குப் பாதுகாப்பளித்தல் வேண்டும் என அது விதிக்கின்றது. யானை, குதிரை கொணரும் மரக்கலம் உடையின் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. சரக்குக் கொணரும் மரக்கலம் உடையின் இரு பாலார்க்கும் பாதி பாதி உரியன. சிங்கள மன்னன் ஒருவன் வட கடற்றுறையின் வணிக விதியைத் தமிழிற் பொறித்தமைக்கு இதனினுஞ் சிறந்த சான்று யாது? பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டார்.

இத்தகைய சான்று ஓரெழுத்துத் தேய்வினும் வரலாறு திரிபடையும். உவர்க்காற்றோ ஓயாது வீசுகின்றது. நண்பகல் வெயில் கல்லின்மேல் நேரே விழும்போது தேய்ந்த எழுத்துக்கள் கண்ணுக்குப் புலனாகா. நிலவற்ற இரவில், கமராவை முக்காலியில் அசையாது நிறுத்தி, முப்பது விநாடி அளவு அதன் கண்ணைத் திறந்து, மின்சூளைக் கல்லின் பரப்போடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்து மெல்ல நகர்த்துக. ஆழங்குறைந்த வெட்டுக்களும் தத்தம் நிழலாற் கறுத்து எழுந்து நிற்கும். ஒளியை இடத்திலிருந்தும் வலத்திலிருந்தும் மேலிருந்தும் மாற்றி மாற்றிப் பல படம் எடுத்தல் வேண்டும். ஒரு திசையொளியில் மறைவது பிறிதொரு திசையொளியில் வெளிப்படும். 2001இல் மால்ஸ்பெண்டர் முதலியோர் இங்ஙனம் பல திசையொளியிற் பெற்ற படங்களைக் கணினியால் ஒன்றாக்கும் முறையை வெளியிட்டனர். கருவி புதிது, அடிப்படை ஒன்றே.

ஈரத்தாளை ஒற்றித் தட்டி மைப்படி எடுப்பது பழைய முறை. அதன் பயன் பெரிது. ஆயினும் உதிரும் நிலையிலுள்ள கல் அத்தட்டுதலைத் தாங்காது. எழுத்து விளங்குதற்பொருட்டுச் சுண்ணக்கட்டியால் நிரப்புவாரும் உளர். அவர் தாம் கண்டதாக எண்ணிய எழுத்தையே எழுதிவிடுகின்றனர். ஒளியோ கல்லைத் தீண்டுவதில்லை; இல்லாததை எழுதுவதுமில்லை.

நெடுந்தீவிற் பவளக்கல்லாற் கட்டப்பட்ட கோட்டையின் இடிபாடுகளும் இவ்வாறு பதியப்படுதற்கு உரியன. கோயிலாரிடமும் தொல்பொருட் திணைக்களத்தாரிடமும் இசைவு பெற்று, நம் மாணவர் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே கல்லை ஒரே கோணத்திற் படமெடுத்து, நாளும் ஒளியின் திசையுங் குறித்துவைப்பின், கல் தேயும் அளவு பின்வருவோர்க்குத் தெரியும். பராக்கிரமபாகுவின் ஆணை சந்திர சூரியர் உள்ளவரை நிலைக்க வேண்டுமெனப் பொறிக்கப்பட்டது. அவ்வெழுத்துத் தேயுமுன் அதனைப் பதிந்து வைத்தற்கு ஒரு மின்சூளும் பொறுமையும் போதும்.